குடியிருக்கும் இடமும் வாக்குச் சீட்டும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கிராணியும் செயலவை உறுப்பினருமான ஒருவர் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, செயலவைத் தோழர்களே, விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு, களைப்போடு வந்து அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, அலுவலகத்திலிருந்தும் ஸ்டோரிலிருந்தும் வந்திருக்கும் சக ஊழியர்களே!

இன்று வாக்குரிமையைப் பற்றிப் பேசும்படி செயலவை பணித்திருக்கிறது. "அதில் பேச என்ன இருக்கிறது? தேர்தல் வந்தால் போய்ப் போட்டுவிட்டு வருகிறோம்" என்று சிலர் நினைக்கலாம். அந்த உரிமை எதன்மேல் நிற்கிறது என்று கேட்டால் நம்மில் பலர் யோசிப்போம். நம் பெயர் பட்டியலில் இருந்தால் மட்டும் போதாது. "இன்ன இடத்தில் குடியிருக்கிறேன்" என்று நாம் அரசாங்கத்துக்குச் சொல்லியிருக்கும் அந்த ஒரு வரியும் உண்மையாக இருக்க வேண்டும். அந்த வரி பொய்யானால் என்ன நடக்கும் என்பதைக் காட்ட வெளிநாட்டு வழக்கு இரண்டைச் சொல்லிவிட்டு, பிறகு நம் லயத்து வாசலுக்கு வருவோம்.

அமெரிக்காவில் இந்தியானா என்று ஒரு மாநிலம். அங்கே ஃபிஷர்ஸ் என்று ஓர் ஊர். அந்த ஊர் மன்றத்தில் ஒரு வட்டாரத்தின் உறுப்பினராக இருந்தவர் சார்லி வைட். எந்த வட்டாரத்தின் பேரில் மன்றத்தில் உட்காருகிறாரோ, அந்த வட்டாரத்திலேயே உறுப்பினர் குடியிருக்க வேண்டும் என்பது அங்கே விதி. இவரோ 2010-ஆம் ஆண்டில் வட்டாரத்துக்கு வெளியே வேறு வீட்டுக்குக் குடிபோனார். போனவர் பதவியை விடவில்லை. மன்றச் சம்பளத்தையும் விடவில்லை. அந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் வாக்களித்தபோது, மணவிலக்கான தம் முன்னாள் மனைவியின் வீட்டு முகவரியையே தம் முகவரியாக வைத்து வாக்களித்தார்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே 2010 நவம்பரில் அவர் அந்த மாநிலத்தின் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கே மாநிலச் செயலாளர்தான் தேர்தல்களை நடத்தும் தலைமை அதிகாரி. வாக்காளர் பட்டியலுக்குக் காவலராக வந்தவர்மேலேயே 2011 மார்ச்சில் குற்றச்சாட்டுகள் பதிவாயின. பொய்ப் பதிவு, பொய்ச் சத்தியம், உரிமையில்லாத இடத்தில் வாக்களித்தது, தகுதி இல்லாமல் சம்பளம் வாங்கிய திருட்டு என்று மொத்தம் ஏழு. 2012 பிப்ரவரியில் ஜூரிகள் அவற்றில் ஆறில் அவரைக் குற்றவாளி என்றார்கள். பதவி போயிற்று. ஓராண்டு வீட்டுக் காவல் தண்டனை கிடைத்தது. பின்னர் மேல்முறையீட்டில் மூன்று தீர்ப்புகள் நீங்கின, மூன்று நிலைத்தன.

"ஒரு வாக்குத்தானே! அதற்கா இவ்வளவு?" என்று கேட்கத் தோன்றும். ஒரு வாக்கு என்பதற்காக அந்த நீதிமன்றம் அதைச் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சொல் உண்மையா பொய்யா என்பதையே பார்த்தது.

தோழர்களே, இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நேர்மையாகாது. அதே நாட்டில் லாஸ் ஏஞ்சலிஸ் நகர மன்றத்தில் ரிச்சர்ட் அலார்கோன் என்று ஓர் உறுப்பினர் இருந்தார். அவர் தம் வட்டாரத்துக்கு உட்பட்ட பனோரமா சிட்டி பகுதியில் குடியிருப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டு, உண்மையில் வட்டாரத்துக்கு வெளியே வேறு வீட்டில் வாழ்ந்தார் என்பது வழக்கு. 2010-ல் அவர்மீதும் அவர் மனைவிமீதும் குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் தரப்பில், அந்த வீட்டில் பழுதுவேலை நடந்தது, தற்காலிகமாகத்தான் வெளியே தங்கினோம், திரும்பிப் போகும் எண்ணம் இருந்தது என்று வாதிட்டார்கள். 2014-ல் ஜூரிகள் இருவரையும் சில குற்றங்களில் குற்றவாளி என்றார்கள். ஆனால் 2016-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. சட்டத்தை ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னதில் பிழை இருந்தது என்பது அதற்குக் காரணம்.

இந்த இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு வீடு இருக்கிறதா என்பதோடு விஷயம் முடிவதில்லை. எங்கே வாழ்கிறார், வெளியே போயிருந்தால் எங்கே திரும்பி வரும் எண்ணத்தோடு போனார் என்றெல்லாம் சட்டம் கேட்கிறது. குற்றப் பத்திரிகை வந்த அன்றே ஒருவரைக் கள்ளன் என்று முடிவு கட்டக் கூடாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. இது நமக்குப் புதிதா? விசாரணை நடத்தாமல் தொழிலாளியை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. அந்த விதியைக் காட்டி நம் சங்கம் எத்தனை முறை வாதாடியிருக்கிறது! நமக்குக் கேட்கும் நியாயத்தை நமக்குப் பிடிக்காத அரசியல்வாதிக்கும் கொடுக்கத்தான் வேண்டும்.

இனி, வாக்காளர் பட்டியலை நமக்குத் தெரிந்த பாஷையில் சொல்லுவோம். அது ஒரு செக்ரோல். காலையில் பெரட்டில் நின்ற ஆளுக்குத்தான் செக்ரோலில் பேர் விழ வேண்டும். பெரட்டில் நிற்காத ஆளின் பேரை ஏற்றினால் என்ன ஆகும்? அந்தச் சம்பளம் யாரோ ஒருவர் பைக்குப் போகும். வேர்வை சிந்தியவனின் கணக்கு குழம்பும். அந்தக் காலத்தில் கங்காணிக்கு ஆள் கணக்குப் பார்த்துத் தலைக்காசு கொடுத்தார்கள் என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். தலைக்குக் காசு என்று ஒரு வழக்கம் வந்துவிட்டால், இல்லாத தலையையும் எண்ணத் தூண்டும் ஆசை கூடவே வந்துவிடும். தேர்தலிலும் அப்படியே. தலைக்கு ஒரு வாக்கு. இல்லாத தலையை எண்ண வைத்தால் ஒருவனுக்கு நாற்காலி கிடைக்கும்.

"அதெல்லாம் அமெரிக்காவில்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் நாட்டுச் சபாவில் நடந்ததைக் கேளுங்கள். 1999 மார்ச்சில் சபா மாநிலத் தேர்தல் நடந்தது. லிக்காஸ் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் யோங் தெக் லீ வென்றார். அந்த வெற்றியை எதிர்த்து வழக்கு வந்தது. 2001 ஜூன் 8-ஆம் தேதி நீதிபதி முகமட் கமில் அவாங் அந்தத் தேர்தலே செல்லாது என்று தீர்ப்பளித்தார். வாக்காளர் பட்டியலில் உரிமையில்லாதவர்களின் பேர்களும் முறைகேடாகப் பெற்ற அடையாள அட்டைகளை வைத்திருந்தவர்களின் பேர்களும் கலந்திருந்தன என்பது அவர் கண்ட முடிவு. வழக்கை விசாரிக்காமலே தள்ளிவிடும்படி மேலிடத்திலிருந்து தமக்குத் தொலைபேசியில் உத்தரவு வந்தது என்பதையும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். உத்தரவுக்குப் பணியாமல் நீதிக்குப் பணிந்த அந்த மனிதரை நம்மைப் போன்ற ஏழைகள் மறக்கக் கூடாது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? பட்டியலைச் சுத்தம் செய்ய ஒரு வழி பிறந்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 1958-ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டத்தில் 2002-ல் 9ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வாக்காளர் பட்டியல் உறுதி செய்யப்பட்டு அரசாங்கக் கெஜட்டில் வெளியாகிவிட்டால், அதன்பிறகு அதை எந்தக் கோர்ட்டிலும் கேள்வி கேட்க முடியாது என்பது அந்தப் பிரிவு. இதன் பொருள் நமக்கு மிக முக்கியம். பட்டியலில் பிழை இருந்தால் கெஜட்டுக்கு முன்பே ஆட்சேபம் சொல்ல வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு அழுது பயனில்லை. சம்பளச் சீட்டை வாங்கிய உடனே எண்ணிப் பார்ப்பதைப்போல, பட்டியலையும் முன்கூட்டியே பார்த்தாக வேண்டும்.

பட்டியலில் பொய் சொன்னால் நம் சட்டத்திலும் தண்டனை உண்டு. 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டம், தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்து வாக்காளராகப் பதிந்துகொள்வதைக் குற்றம் என்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். வேறொருவர் பேரில் வாக்களிப்பது அதனினும் பெரிய குற்றம்.

ஊரை விட்டுப் பட்டணத்தில் வேலை செய்கிறவர்கள் தேர்தல் நாளில் சொந்த ஊருக்குப் போய் வாக்களிப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவர்களைக் கள்ள வாக்காளர் என்று சொல்லுவது பாவம். பெற்றோர் இருக்கும் வீடு, தீபாவளிக்குத் திரும்பிப் போகும் வீடு அது. ஒருநாளும் கால் வைக்காத வீட்டின் முகவரியை ஒரு கட்சிக்காரனின் ஏற்பாட்டில் எழுதிக் கொடுப்பவனின் கதை வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பக் கூடாது.

இனி நம் கதைக்கு வருவோம். வட்டார உறுப்பினர்களுக்கு இரண்டு வீடு இருந்தது. எதைச் சொல்வது என்பதில் வழக்கு வந்தது. நமக்கோ ஒரு வீடு, அதுவும் நம்முடையதல்ல. லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. வேலை இருக்கும்வரை வீடு. தண்ணீர் பில்லும் மின்சார பில்லும் பல தோட்டங்களில் நம் பேரில் வருவதில்லை. ஆனாலும் நம் அடையாள அட்டையில் அந்தத் தோட்டத்தின் பேர்தான் இருக்கிறது. அந்த ஒரு வரிக்காக நம் முன்னோர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

1955 ஜூலை 27-ல் மலாயாவில் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது வாக்காளர்கள் ஏறக்குறைய 12 லட்சத்து 80 ஆயிரம் பேர். அவர்களில் இந்தியர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. காடு அழித்து, மரம் நட்டு, பால் எடுத்த லட்சக்கணக்கான கைகள் வாக்குச் சீட்டைத் தொடவில்லை. பிரஜாவுரிமை இல்லை என்பது காரணம். 1957-ல் சுதந்திரம் வந்தது. பிரஜாவுரிமைக்கு வழி அகன்றது. மனுப் போட்டவர்கள் பிழைத்தார்கள். "நாளைக்குப் போடலாம்" என்று இருந்தவர்களும், எழுதிக் கொடுக்க ஆள் இல்லாதவர்களும் சிவப்பு அட்டையோடு நின்றுபோனார்கள். தோட்டத் துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்கள் சிறுசிறு துண்டாக விலைபோயின. குடும்பங்கள் லயங்களை விட்டு வெளியேறின. 1969-க்குப் பின் பிரஜை அல்லாதவர்க்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் பிழைப்பு இழந்து கப்பலேறினார்கள். ஒரு காகிதம் இல்லாத குறைக்கு ஒரு வாழ்நாள் உழைப்பு கணக்கில் வராமல் போயிற்று.

பிற்காலத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டுமனைகள் வந்த தோட்டங்கள் எத்தனையோ. கோயில் ஒரு பக்கம் போயிற்று. தமிழ்ப்பள்ளி ஒரு பக்கம் போயிற்று. மக்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். ஆனால் அடையாள அட்டையில் மட்டும் அந்தத் தோட்டம் இன்னும் இருக்கிறது. லயம் இடிந்து மண்ணாகிவிட்டது. முகவரியில் அதன் நம்பர் நிற்கிறது. இதுதான் நம்முடைய வழக்கு. நாம் பொய் சொல்லவில்லை. நம் காலடி நிலம் நகர்ந்துவிட்டது, காகிதம் நகரவில்லை.

இது ஏன் இன்று அவசரம்? 2019 ஜூலையில் நாடாளுமன்றம் ஒருமனதாக அரசியலமைப்பைத் திருத்தியது. அந்தத் திருத்தம் 2021 டிசம்பர் 15-ல் நடைமுறைக்கு வந்தது. வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆயிற்று. மனுப் போடாமலே பேர் தானாகப் பட்டியலில் ஏறும் முறையும் வந்தது. 2018 தேர்தலில் ஏறக்குறைய 1 கோடியே 49 லட்சம் வாக்காளர்கள். 2022 நவம்பர் 19-ஆம் தேதித் தேர்தலில் 2 கோடியே 11 லட்சத்துக்கும் மேல். நல்ல காரியம். ஆனால் பேர் எந்தத் தொகுதியில் ஏறுகிறது? தேசியப் பதிவு இலாகாவில் இருக்கும் முகவரியை வைத்து ஏறுகிறது. நம் பிள்ளைகள் 12 வயதில் அட்டை எடுக்கும்போது அப்பாவின் லயத்து முகவரியைக் கொடுக்கிறார்கள். பிறகு கிள்ளானுக்கோ ஜொகூர் பாருவுக்கோ தொழிற்சாலை வேலைக்குப் போகிறார்கள். குடும்பமும் தோட்டத்தை விட்டுப் போய்விடுகிறது. பையன் பேர் மட்டும் யாரும் இல்லாத லயத்தில் வாக்காளராக நிற்கிறது.

ஆள் இல்லாத முகவரி, திறந்து கிடக்கும் வீடு மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே நுழையப் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் சக கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு பில் தொழிலாளியின் பேரில் இல்லாதபோது, "இன்னார் இன்ன லயத்தில் குடியிருக்கிறார்" என்று எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்கு நம்மிடம்தான் வருவார்கள். தேர்தல் நெருங்கும்போது வேட்டி மடிப்புக் கலையாமல் ஒருவர் அலுவலகத்துக்கு வரலாம். "ஐயா, காலி வீடு பத்து இருக்கிறதே, நம் பையன்கள் நாலைந்து பேர் முகவரியைப் போட்டுக்கொள்ளட்டும், ஒரு கடிதம் கொடுங்கள், யாருக்கு நஷ்டம்?" என்று கேட்கலாம். கோயில் திருவிழாவுக்கு நன்கொடை என்றும் சொல்லலாம். நமக்குப் பிடித்த கட்சியின் ஆளாகவே இருக்கலாம். பேனாவை மூடி வைத்துவிட வேண்டும். நஷ்டம் யாருக்கு? இதே தோட்டத்தில் உண்மையாகவே வாழும் தொழிலாளிக்கு. குடிதண்ணீருக்கும் சாலைக்கும் பள்ளிக்கும் அவன் போட்ட வாக்கை, இங்கே ஒருநாளும் தண்ணீர் குடிக்காதவனின் வாக்கு வந்து அடித்துவிடும். மாட்டிக்கொண்டால் வந்தவர் காரில் ஏறிப் போய்விடுவார். கையெழுத்துப் போட்டவர் கூண்டில் நிற்பார்.

தொழிலாளத் தோழர்களும் அப்படியே. "உங்கள் அடையாள அட்டையைக் கொஞ்சம் கொடுங்கள், நாங்களே எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அரிசி மூட்டை ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். மாறிப்போன முகவரி ஐந்து ஆண்டு நிற்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். இன்று நம் பக்கத்து லயங்களில் இந்தோனேசியா, பங்களாதேஷ் தோழர்கள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. பொய் அட்டை, பொய் வாக்காளர் என்று பேச்சு வரும்போது அவர்களை முறைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நம் தாத்தாவும் ஒருநாள் இப்படித்தான் மூட்டையோடு இந்த மண்ணில் இறங்கினார். ஏழையைக் கருவியாக்கி நாற்காலி தேடுபவன்மேல் நம் கோபம் இருக்கட்டும். நம்மைப்போல மரம் சீவிப் பிழைப்பவன்மேல் வேண்டாம்.

நம் நாட்டில் ஊர் மன்றங்களுக்குத் தேர்தல் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 1951-ல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய நகராண்மைக் கழகத் தேர்தல் 1965-ல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தோடு முடிந்தேபோயிற்று. கவுன்சிலர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. ஃபிஷர்ஸ் ஊர்க்காரன் தன் வட்டார உறுப்பினரைப் பார்த்து "நீ எங்கே குடியிருக்கிறாய்?" என்று கேட்டு, கோர்ட்டு வரை இழுக்க முடிந்தது. நமக்கு அந்தக் கேள்வியைக் கேட்க இருக்கும் வாசல் இரண்டே: நாடாளுமன்ற வாக்கு, சட்டமன்ற வாக்கு. இருக்கும் இரண்டு வாசலையும் பழுது பார்த்து வைப்பது நம் கடமை.

ஆகவே செயலவையின் சார்பில் சில காரியங்களை உங்கள் முன் வைக்கிறோம். முதலாவது, நிரந்தரமாக வீடு மாறினால் 30 நாளுக்குள் பதிவு இலாகாவில் சொல்ல வேண்டும் என்பது விதி, அதைச் செய்துவிடுங்கள். இரண்டாவது, அட்டையில் மாறிவிட்டால் பட்டியலிலும் மாறியிருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்; தேர்தல் ஆணையத்திடம் கேட்டுத் தொகுதியைச் சரிபாருங்கள். படித்த பிள்ளைகள் கைப்பேசியிலேயே பார்த்துச் சொல்லுவார்கள். மூன்றாவது, உங்கள் வீட்டு முகவரியில் உங்களுக்குத் தெரியாத பேர் ஏதாவது பட்டியலில் இருந்தால் உடனே சங்கத்துக்குச் சொல்லுங்கள். கெஜட்டுக்கு முன் ஆட்சேப மனு எழுதக் கிராணிகள் இருக்கிறோம். நான்காவது, சிவப்பு அட்டையோடு இன்னும் காத்திருக்கும் பெரியவர்களின் பேரை ஒவ்வொரு லயத்திலிருந்தும் கொண்டுவாருங்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே உழைத்து, ஒருமுறைகூட விரலில் மை படாத அந்தத் தாய்மார்களுக்காக மனு எழுதுவதைவிடப் பெரிய சங்க வேலை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை சங்க மண்டபத்தில் மேசை போட்டு உட்காருகிறோம். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு வாருங்கள். தோட்டத்தை விட்டுப் போன உறவினருக்கும் சொல்லி அனுப்புங்கள்.

அமெரிக்காவில் ஒரு பெரிய மனிதர், தாம் வாழாத வீட்டை வாழ்ந்த வீடு என்றார், பதவியை இழந்தார். நாமோ தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண்ணை, வாழ்ந்தோம் என்று எழுத்தில் காட்ட முடியாமல் தவித்தவர்கள். உண்மையான முகவரியின் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதை நாமும் பொய்யாக்க வேண்டாம். பிறர் பொய்யாக்கவும் விட வேண்டாம்.

வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!